பாலில் போட்ட உப்பு

சிவமயம்

நீ இந்தக் கடிதத்தைப் பிரித்ததும் தேடப்போவது ஒரே விஷயத்தைத்தான் என்று தெரியும். ஆகையால் மழை, பயிர், உன் அப்பாவின் முழங்கால் எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு அதையே முதலில் எழுதுகிறேன். தாரிமாவின் கையில் வளையல் நிற்கிறது. நிற்கிறது என்ன, வளையல்காரி சைனம்பு நேற்று சோப்புத் தண்ணீர் போட்டுத்தான் புது வளையல் ஏற்ற முடிந்தது. குழந்தைக்குத் தாய்ப்பால் போதாமல் போனது என்ற பேச்சுக்கே இடமில்லை. கல்கத்தாவில் குண்டுப் பயம் ஓய்ந்ததென்று நீ அழைத்தபடி நாளை மறுநாள் அவளுக்கும் குழந்தைக்கும் வண்டி. அவர்களைக் கூட்டிப்போக உன் மைத்துனன் வந்து, இப்போது கூடத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான். அவர்களுக்கு முன்னால் இது வந்து சேருமென்று தபால்காரர் சொல்கிறார். யுத்த காலத்துத் தபால், நம்புவதற்கில்லை. முன்னால் வந்தால் நீ நிம்மதியாக ஸ்டேஷனுக்குப் போகலாம். பின்னால் வந்தால், பெண்டாட்டியைக் கண்ணால் பார்த்த பிறகு, அவள் எப்படி இப்படி ஆனாள் என்று தெரிந்துகொள்ளலாம்.

தை பிறந்த கையோடு அவளை நீ இங்கே அனுப்பினாய். கல்கத்தாவில் குண்டு விழுகிறது, மூன்று மாதப் பிள்ளைத்தாய்ச்சி, பட்டாளத்துக் கம்பளி வேலையில் எனக்கு லீவு கிடையாது, நீ பார்த்துக்கொள் அம்மா என்று எழுதியிருந்தாய். கம்பளி வாங்கப் போன கலிம்போங் மலையிலேயே நீ கல்யாணம் செய்துகொண்டதை நான் இன்னும் முழுசாக ஜீரணித்திருக்கவில்லை. அவள் புரியாத் என்ற ஜாதி, ருஷியாவில் பைக்கால் என்ற ஏரிக்கரையில் இருந்த ஜனங்கள், அங்கே நடந்த கலகத்தில் ஊரை விட்டு மங்கோலியா, திபேத்து என்று நடந்தே வந்தவர்கள் என்று நீ எழுதியதை நானும் உன் அப்பாவும் மாற்றி மாற்றிப் படித்தோம். "பைக்கால் ஏரின்னா நம்ம அம்பத்தூர் ஏரி மாதிரி இருக்குமா?" என்று கேட்டேன். "அதுல நம்ம ஏரியைப் போட்டா காணாமப் பூடும்" என்றார், ஏதோ கரையில் நின்று பார்த்தவர் மாதிரி.

வந்தவளை நான் குறை சொல்ல முடியாது. குனிந்த தலை, சிரித்த முகம். தமிழில் உன் புண்ணியத்தால் "அத்தே", "போதும்", "தண்ணி" என்று பத்து வார்த்தை. ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. எது வைத்தாலும் விரல் நுனியால் ஒரு துளி எடுத்து வாயில் வைப்பாள், "போதும் அத்தே" என்பாள். சாம்பாரில் ஒரு துளி, ரசத்தில் ஒரு துளி, பொரியலில் ஒரு துணுக்கு. மசக்கை என்று முதலில் விட்டேன். மசக்கை போகிற மாதம் வந்தும் அப்படியே. வெயில் ஏற ஏற அவள் இறங்கினாள். நம் வீட்டுச் சமையலை அவள் அருவருக்கிறாள் என்று நான் முடிவு கட்டினேன். அப்படி முடிவு கட்டிய பிறகு மனசு எப்படி இருக்கும்? பரிமாறும்போது கரண்டியை உயரத் தூக்கிப் போட ஆரம்பித்தேன். தட்டைத் தரையில் தள்ளி வைத்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொள்வேன். அவள் என்னென்ன தின்று வளர்ந்தவளோ என்று அடுப்படி வாசற்படிக்கு இந்தப் பக்கம் வரவேண்டாம் என்றும் ஜாடையில் சொல்லியிருந்தேன்.

இன்னொன்று. ராத்திரிப் பாலை டம்ளரில் கொடுத்தால் காலையில் டம்ளர் கழுவித் திரும்பி வரும். ஆனால் உள்ளே ஏதாவது இருக்கும். ஒரு நாள் நாலு அரிசி, ஒரு நாள் ஒற்றை முல்லைப்பூ, ஒரு நாள் சிட்டிகைச் சர்க்கரை. பால் ஊற்றும் குப்பம்மாவிடம் ஒரு நாள் காட்டிவிட்டேன். அவள் டம்ளரை எட்டி நின்று பார்த்தாள். "யம்மா, இது சும்மா இல்ல. அரிசி வெச்சிருக்குது, பூ வெச்சிருக்குது. மலை மேல இருந்து வந்த பொண்ணு. இன்னா மந்திரமோ இன்னாவோ. கைல தொடாதே, வெளக்குமாத்தால தள்ளு" என்றாள். நான் சிவ சிவா என்று அந்த டம்ளரைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வீடெங்கும் விபூதித் தண்ணீர் தெளித்தேன். தாரிமா கூடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் டம்ளரில் ஒன்றுமில்லை. அன்றிலிருந்து அவள் பாலையும் பாதி வைத்துவிட்டாள்.

அந்த மாதத்தில்தான் உன் கடிதம் வந்தது. அவள் நலம் என்று எழுதுகிறாள், ஆனால் கையெழுத்து நடுங்குகிறது, உன்னால் முடியாவிட்டால் ஒரு வரி போடு, வேலை போனாலும் வந்து கூட்டிப் போகிறேன், பிறகு உங்களைத் தொந்தரவு செய்யமாட்டேன் என்று எழுதியிருந்தாய். அந்தப் "பிறகு" என்ற சொல்லை எத்தனை தடவை படித்திருப்பேன்! பள்ளிக்கூடம் போகாதவள் நான். உன் சிலேட்டில் நீ எழுதியதைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கற்றவள். அப்படிக் கற்ற எழுத்திலே இப்படி ஒன்றைப் படிக்க வேண்டியிருந்ததே என்று திருமுல்லைவாயில் சந்நிதியில் நின்று அழுதேன். அவளுக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஒன்று ஆனால் அது ஒரு நஷ்டம். நீ வாசல் மிதிக்காமல் போனால் அது இன்னொன்று. ஒன்றைக் கொடுத்து ஒன்றைக் காப்பாற்றுகிற கணக்கில்லை இது. இரண்டும் சேர்ந்தே போகும்.

ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தேன். வளையல் போடப் பூந்தமல்லியிலிருந்து சைனம்பு கூடையோடு வந்தாள். உனக்கு அவளைத் தெரியாது. அவள் புருஷர் பட்டாளத்துக்குத் துணி தைத்தவர், பெங்களூர்ப் பக்கம் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர்கள். தாரிமா கையை நீட்டினாள். சைனம்பு ஒரு அளவு போட்டாள், முழங்கை வரை ஓடியது. சின்ன அளவு போட்டாள், கையைத் தாழ்த்தியதும் கழன்று பாயில் உருண்டது. சின்னப் பிள்ளைகளுக்குப் போடுகிற அளவை எடுத்தாள். அது நின்றது. கூடியிருந்த பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். சைனம்பு என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தாரிமாவிடம் இந்துஸ்தானியில் ஏதோ கேட்டாள். இந்தப் பெண், இத்தனை மாதமாகப் பத்து வார்த்தைக்கு மேல் பேசாத பெண், மடை திறந்த மாதிரிப் பேசினாள்! கலிம்போங் கடைத்தெருவில் எல்லாரும் பேசுகிற பாஷையாமே அது. எனக்கு எங்கே தெரியும்?

எல்லாரும் போன பிறகு சைனம்பு என்னைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனாள். "அக்கா, கோவிச்சுக்காதே. நான் கேட்டத அப்டியே சொல்றேன். அவுங்க ஊர்ல யார் இன்னா குட்த்தாலும் ஒரு துளியாச்சும் வாயில வெக்கணும், வெக்காட்டி குட்த்தவங்கள அவமானம் பண்ண மாதிரி. அதான் எல்லாத்துலயும் துளித் துளி. இன்னும் வேணும்னு விருந்தாளி வாயால கேக்கக் கூடாதாம்."

"விருந்தாளியா? இந்த வீட்டு மருமகளாச்சே அவ!"

"அத நீ அவகிட்ட எப்பக்கா சொன்னே? அவுங்க ஊட்ல கிண்ணத்த ரெண்டு கையாலயும் குட்த்து ரெண்டு கையாலயும் வாங்கணுமாம். தரையில வெச்சுத் தள்றது வாசல்ல நிக்கிற நாய்க்காம். இத அவ சொல்லல, நான் தோண்டிக் கேட்டேன். அப்புறம் டம்ளர்ல அரிசி. ஒருத்தர் குட்த்த பாத்திரத்த வெறுசாத் திருப்பித் தரக் கூடாதாம். ஒண்ணுமில்லாட்டி ஒரு பூவாச்சும். நீ அதுக்கு விபூதி தெளிச்சியாமே!"

நான் கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். தினமும் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிடுகிறவள் நான். அந்தப் பெண் நாலு அரிசியில் எனக்கு மரியாதை செய்திருக்கிறாள், நான் சாம்பல் போட்டுத் தேய்த்திருக்கிறேன். சரி, அவளுக்கு என்ன வேண்டுமாம், எதைக் கொடுத்தால் உள்ளே இறங்கும் என்று கேட்டேன். சைனம்பு சிரித்தாள். "ரொம்பப் பெருசா ஒண்ணுமில்ல. கோதும மாவ நெய்யில செவக்க வறுக்கணும். தேயிலத் தண்ணி ஊத்தணும். பால் ஊத்தணும். அப்புறம் உப்பு."

"உப்பா?"

"உப்புதான். நானும் ரெண்டாந்தரம் கேட்டுட்டேன்."

கோதுமைக்குக் குறைவில்லை. ரேஷனில் அரிசியைக் குறைத்துவிட்டுக் கோதுமையைக் கொட்டுகிறார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் குதிரில் போட்டு வைத்திருந்தேன். உன் அப்பா அதைப் பார்க்கும்போதெல்லாம் சர்க்காரைத் திட்டுவார். தேயிலையும் வாங்கிவிடலாம். ஆனால் பாலில் உப்பு! உனக்கு நினைவிருக்கும், நீ சின்னவனாக இருந்தபோது உப்புக் கையோடு பால் சொம்பைத் தொட்டதற்கு நான் உன் முதுகில் வைத்தது. பசும்பாலில் உப்பைப் போடுவது மாட்டின் மாம்சத்தைத் தின்பதற்குச் சமானம் என்று கேட்டு வளர்ந்தவள் நான். ஒரு நாளும் அதை மீறினதில்லை. குப்பம்மா காதில் விழுந்ததும் அவள் பால் சொம்பை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "இன்னாது, பால்ல உப்பா? அந்த வேலையே வேணாம். அப்டிப் போட்டா என் மாட்டு மடி வத்திப் பூடும். வேணும்னா வெள்ளாட்டுப் பாலு வாங்கிக்கோ, எம் மாட்ட உட்டுடு."

உன் அப்பா ஊஞ்சலில் பேப்பர் படித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "ஏண்டி, மோர்ல உப்பு போட்டுத்தானே குடிக்கிறோம். மோர் இன்னா கெணத்துலருந்தா வந்துது?"

"அது உறைஞ்சு கடைஞ்சது. இது பச்சைப் பால்."

"அப்ப உறைஞ்சா பாவம் பூடுமா? நல்லாக் கீது உங்க சட்டம்" என்று பேப்பரைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு எல்லாம் சுலபம். சமையலறைப் பாவ புண்ணியம் ஆம்பிளைகள் பேரில் எழுதப்படுவதில்லை.

சில நாள் இழுத்தடித்தேன். உப்பில்லாமல் செய்து கொடுத்துப் பார்த்தேன். ஒரு துளி வாயில் வைத்து, "போதும் அத்தே" என்றாள். சர்க்கரை போட்டுக் கொடுத்தேன். அதற்கும் ஒரு துளி. மறுநாள் விடியற்காலை நான் பூஜையை முடித்துவிட்டுத் திரும்பினால், அவள் அடுப்படி வாசற்படிக்கு வெளியே நின்று, எரிகிற அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாமி படத்தைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். கை கூப்பவில்லை, ஆனால் கூப்பினது போலத்தான் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னப் பிள்ளையின் வளையல் அந்தக் கையில் தொங்கியது. அப்போது எனக்கு ஒன்று பட்டது. இந்த வயிற்றுக்குள் இருப்பதும் கூட இவளோடு வாசற்படிக்கு வெளியே நிற்கிறது. அதை நான் எந்தச் சாஸ்திரத்தில் போய்த் தேடுவேன்?

"உள்ள வாம்மா" என்றேன். அவள் நகரவில்லை. போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அடுப்பின் முன்னால் வந்ததும் அவள் கொஞ்சம் குனிந்து, நெய்க் கிண்ணத்தைக் காட்டி என் முகத்தைப் பார்த்தாள். தலையசைத்தேன். ஒரு சொட்டு எடுத்துத் தீயில் விட்டு, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். தீ ஒரு துள்ளுத் துள்ளியது. எந்தச் சாப்பாட்டிலும் முதல் பங்கு அடுப்புத் தீக்குத்தானாம். இத்தனை மாதம் தீயின் பங்கைக் கொடுக்க வழியில்லாமல், தான் மட்டும் சாப்பிடுவதே அவளுக்குச் சங்கடமாக இருந்திருக்கிறது. நைவேத்தியம் காட்டாமல் நான் ஒரு வாய் சாப்பிடுவேனா? நானாக இருந்தால் தட்டையே தொட்டிருக்கமாட்டேன். அவள் துளியாவது தொட்டாள்.

மாவு வறுபட்டு வாசனை வந்தது. தேயிலைத் தண்ணீர் ஊற்றினாள், பால் ஊற்றினாள். கரண்டியால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றி ஆற்றினாள். பிறகு உப்பு ஜாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கையை நீட்டவில்லை. நான் ஜாடியை எடுத்தேன். அவள் கையால் போட விடவில்லை. பிள்ளைத்தாய்ச்சி. இதில் பாவம் என்று ஒன்று இருக்குமானால் அவள் பேரிலும் வேண்டாம், வயிற்றில் இருப்பதன் பேரிலும் வேண்டாம், என் பேரில் எழுதிக்கொள் ஈசுவரா, நான் வரவு செலவு பார்க்கத் தெரிந்தவள், வந்து நேர் செய்துகொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டு ஒரு சிட்டிகை உப்பைப் பாலில் போட்டேன். பால் திரியவில்லை. இடி விழவில்லை. குப்பம்மாவின் மாடு இன்றுவரை குறைவில்லாமல் கறக்கிறது.

அவள் ஓடிப்போய்த் தன் மூட்டையிலிருந்து ஒரு மரக் கிண்ணம் கொண்டுவந்தாள். உள்ளே வெள்ளித் தகடு பதித்தது, அவள் அம்மாவுடையது. எனக்குப் பயந்து புடவைக்கடியில் வைத்திருந்தாள். நான் அதில் ஊற்றி, பழக்க தோஷத்தில் தரையில் வைக்கக் குனிந்தவள், பாதியில் நிமிர்ந்தேன். இரண்டு கையாலும் பிடித்து நீட்டினேன். அவளும் இரண்டு கையாலும் வாங்கினாள். நின்றபடியே குடித்தாள். நெற்றியில் வேர்வை துளிர்த்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. கிண்ணத்தைத் திருப்பி நீட்டி, என் முகத்தைப் பார்க்காமல், "இன்னும், அத்தே" என்றாள். விருந்தாளி கேட்கக் கூடாத வார்த்தையை என்னிடம் கேட்டாள். உன்னைப் பெற்ற அன்றுகூட எனக்கு அப்படி நிம்மதியாக மூச்சு வந்ததில்லை.

அதற்கப்புறம் என்ன, அடுப்படி இரண்டு பேருக்கும் பொதுவாகிவிட்டது. பாலாடையை மாவோடு போட்டு நெய் பிரிகிற வரை கிண்டுகிறாள். அல்வாதான், சர்க்கரைதான் இல்லை. வருஷப் பிறப்பு மாதத்தை வெள்ளை மாதம் என்பார்களாம், யார் வந்தாலும் முதலில் பாலோ தயிரோ வெண்ணெயோ வெள்ளையாக ஒன்றைக் கொடுத்துத்தான் உட்காரச் சொல்வார்களாம். வருகிற தையில் நானும் அப்படியே செய்வதாக இருக்கிறேன். பூஸா என்று ஒன்று, கோதுமை மாவுக்குள் ஆட்டுக்கறி வைத்து ஆவியில் வேகவைப்பது. அவள் எனக்காகப் பூசணியும் வெங்காயமும் வைத்துச் செய்தாள். ஓரமெல்லாம் மடிப்பு மடிப்பாகப் பிடித்து உச்சியில் ஒரு துவாரம் விடுகிறாள். கடித்ததும் முதலில் சாற்றை உறிஞ்ச வேண்டும். உன் அப்பா ஒன்றைக் கையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "கொழுக்கட்டை எதுக்கு வாயத் தொறந்துகினு கீது? நம்மள இன்னா கேக்குது?" என்றார். சாறு வேட்டியில் வழிந்தது. தாரிமா சத்தம் போட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். கோதுமையைத் திட்டுவதையும் அவர் விட்டுவிட்டார்.

உன் மகள் பிறந்ததும் எழுந்த கறி விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு ஆட்டுச் சாறு கொடுப்பார்களாம். என் அடுப்பில் அது ஏறாது, ஏற்ற என்னால் முடியாது. அவள் என்னைக் கேட்கவும் இல்லை. என் உப்பை அவள் பெரிதாக எடுத்துக்கொண்டாள், அவள் கேட்காததை நான் பெரிதாக எடுத்துக்கொண்டேன். ஆனால் உன் வீடு அவள் வீடு. அங்கே அம்மா சைவம் என்று என்னைக் காரணம் காட்டி அவளைப் பட்டினி போடாதே. அவள் தின்பதை நீ தின்ன வேண்டாம், முகத்தைச் சுளிக்காமல் எதிரில் உட்கார்ந்திரு. அது போதும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்ட நாட்கள்தான் அவளை இளைக்க வைத்தன, வெயில் அல்ல.

முந்தாநாள் உன் மைத்துனன் வந்தான். தங்கை எப்படியிருக்கிறாள் என்று பார், சரியில்லையென்றால் ஒரு நாளும் தங்காமல் கூட்டி வந்துவிடு என்று நீ சொல்லியனுப்பியிருப்பாய். அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. ஆள் ஆறடி, மழையில் நனைந்து வாசலில் நின்றான். நான் வெள்ளி டம்ளரில் பாலை ஊற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். அவன் திடுக்கிட்டான். இரண்டு கையாலும் வாங்கி, மோதிர விரலைப் பாலில் தொட்டு, ஆகாசத்துக்கும் ஒரு பங்கு என்பதுபோல் மேலே பார்த்துச் சுண்டினான், பிறகு ஒரே மூச்சில் குடித்தான். தாரிமா குழந்தையோடு வந்து நின்றாள். அவன் தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தான். வளையல் சதையில் அழுந்தியிருந்தது. ஏதோ கேட்டான், அவள் ஏதோ சொன்னாள், இரண்டு பேரும் சிரித்தார்கள். "இன்னாம்மா சொல்றான்?" என்றார் உன் அப்பா. "ரயில்ல எடைக் கூலி ஜாஸ்தி ஆகும்னு சொல்றான், மாமா" என்றாள் என் மருமகள், சுத்தமான தமிழில்.

தையில் அவளோடு நீ கொடுத்தனுப்பிய பிஸ்கட் டப்பாவை இவர்களிடம் திருப்பி அனுப்புகிறேன். நெய்யில் சிவக்க வறுத்த மாவு, உப்புச் சேர்த்தே வைத்திருக்கிறேன். தேயிலைத் தண்ணீரும் பாலும் ஊற்றினால் போதும். முதல் சொட்டு தீக்கு. அப்புறம் அவள் கிண்ணத்தில் ஊற்றி நீயே கொடு. உன் அப்பாவைப் போல நீயும் ஒரு கையில் பேப்பரை வைத்துக்கொண்டு மறுகையால் சாப்பிடுகிறவன். பேப்பரைக் கீழே வை. இரண்டு கையும் வேண்டும்.

டப்பாவை வெறுமையாகத் திருப்பி அனுப்பாதே. அந்த ஊர்க் கம்பளியோ தேயிலையோ எதுவும் வேண்டாம். நான் தைத்துக் கொடுத்தனுப்பும் சட்டைகளில், என் பேத்திக்குப் போடமுடியாமல் சிறியதாகிப் போகிற முதல் சட்டையை அதில் வைத்து அனுப்பு.

உன் அம்மா